கனடாவின் பிரெய்ரிச் சமவெளி ஊர்களின் பழைய ஹோட்டல்கள்: எங்கே போவது, எப்போது போவது, உள்ளே போய் என்ன செய்வது

கேள்வி இது: "கோடையில் ஒரு வாரம் லீவு இருக்கிறது. கால்கரியிலிருந்து ரெஜைனா வரை காரிலேயே போகலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். வழியில் சின்ன ஊர்களில் இருக்கும் பழைய ஹோட்டல்களையும் மதுக்கூடங்களையும் பார்க்க ஆசை. எந்த ஊர்களுக்குப் போகலாம்? தங்க முடியுமா? நம்மைப் போன்றவர்கள் உள்ளே போனால் முறைப்பார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்ததும் ஏழெட்டுத் தலைகள் திரும்பும், அது உண்மைதான். இருநூறு பேர் இருக்கும் ஊரில் பக்கத்து ஊர்க்காரர் வந்தாலும் அப்படித்தான் திரும்பும். நம் கிராமத்து டீக்கடையில் தெரியாத முகம் ஒன்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ, அதேதான். இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார். பதிலை நீளமாகவே சொல்லுங்கள். அங்கே யாருக்கும் அவசரமில்லை. ரெஜைனாவில் குடியேறிய இந்தப் பதினொரு வருடத்தில் இப்படி நாற்பது ஐம்பது ஊர்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் கசப்பு, அதுவும் நான் வேறொருவரின் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால்.

சரி, முதலில் அந்தச் சொல்லை நேராக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். நகரத்துக் கனடாவில் தங்கும் இடம். பிரெய்ரிக் கிராமத்தில் ஹோட்டல் என்றால் குடிக்கும் இடம். "ஹோட்டலில் பார்த்தேன்" என்று ஒரு விவசாயி சொன்னால் பீர் மேஜையில் பார்த்தேன் என்று அர்த்தம். மேலே அறைகள் இருக்கலாம், பல வருடமாகப் பூட்டியும் கிடக்கலாம். இந்தக் குழப்பம் சும்மா வந்ததில்லை. அதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது. அது தெரியாமல் போனால் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல, பழைய மரப்பெட்டி மாதிரித்தான் தெரியும்.

இந்த ஊர்களைப் பெற்றெடுத்தது ரயில். கனடியன் பசிபிக் ரயில்பாதை 1882-இல் ரெஜைனாவுக்கும் 1883-இல் கால்கரிக்கும் வந்தது. குடியேறுகிறவருக்கு 160 ஏக்கர் நிலம், பதிவுக் கட்டணம் 10 டாலர். கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றி, ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் எட்டு, பத்து மைலுக்கு ஒரு நிலையம் போட்டார்கள். நிலையத்தின் பக்கத்தில் எலிவேட்டர் என்று இங்கே சொல்லும் உயரமான தானியக் கிடங்கு. எதிரே, ரயில்வே அவென்யூவும் மெயின் தெருவும் சேரும் முக்கில், ஹோட்டல். ரயிலைவிட்டு இறங்குகிறவர் கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். இன்றைக்கும் பெயர் தெரியாத ஊருக்குள் நுழைந்தால் எலிவேட்டரைத் தேடுங்கள். அது இடிந்திருந்தால் தண்டவாளத்தைத் தேடுங்கள். அதற்கு எதிர் முக்கில்தான் ஹோட்டல், அல்லது அது எரிந்துபோன காலி மனை. மரக்கட்டடம், கரி அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு என்று இருந்த காலத்தில் எரிந்தவை ஏராளம்.

பெயர்களிலேயே வயது தெரியும். கிங் எட்வர்ட் என்று இருந்தால் ஏழாம் எட்வர்ட் மன்னராக இருந்த 1901-10 காலத்தை ஒட்டியதாக இருக்கலாம். குடியேற்றம் பொங்கி வழிந்ததும் அப்போதுதான். கமர்ஷியல் என்று இருந்தால் அது விற்பனைப் பிரதிநிதிகளை நம்பி வைத்த பெயர். அவர்கள் பெட்டி பெட்டியாகத் துணியும் செருப்பும் கொண்டு வந்து, ஹோட்டலில் அதற்கென்றே இருந்த கீழ் அறையில் பரப்பி வைத்து, ஊர்க் கடைக்காரர்களை வரச்சொல்லி ஆர்டர் எடுப்பார்கள். நம் மெடிக்கல் ரெப்புக்குத் தாத்தா முறை.

வருமானம் அறையில் இல்லை, கீழே மதுக்கூடத்தில். அந்த அடிமடியில்தான் சட்டம் கைவைத்தது. ரெஜைனா இருக்கும் சஸ்காட்செவன் மாகாணத்தில் 1915 ஜூலை 1-ஆம் தேதி மதுக்கூடங்களை மூடினார்கள். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டாவும், கிழக்கே இருக்கும் மனிடோபாவும் 1916-இல் மதுவிலக்குக்குப் போயின. ஆல்பர்ட்டாவில் 1924-இல் பீர் திரும்பி வந்தது. சஸ்காட்செவனில் 1925-இல் அரசு மதுக்கடை வந்ததே தவிர (டாஸ்மாக் பார்த்த நமக்கு இது புதிதில்லை), உட்கார்ந்து ஒரு கிளாஸ் பீர் குடிக்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது வருடம்! அத்தனை வருடம் அந்த ஹோட்டல்காரர்கள் என்ன செய்தார்கள்? ஐஸ்கிரீம் விற்றார்கள், பில்லியர்ட்ஸ் மேஜை போட்டார்கள். சிலர் கள்ளத்தனமாக ஊற்றிக் கொடுத்தார்கள், பலர் பூட்டிவிட்டுப் போனார்கள்.

திரும்பி வந்தபோது பீருக்கு ஏகப்பட்ட விலங்குகள். உரிமம் பெரும்பாலும் ஹோட்டல்களுக்குத்தான்: அறை இருந்தால்தான் பீர். சாப்பாடு கூடாது, பாட்டு கூடாது. கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கூடாது. மேஜையில் உட்கார வேண்டும், பணியாள் கொண்டு வருவார், குடித்துவிட்டுப் போக வேண்டும். மனிதர்கள் கூடி மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே யோசித்து எழுதிய விதிகள் மாதிரி இருக்கும். அதற்கு வைத்த பெயர் பீர் பார்லர். பெண்களுக்குப் பல ஊர்களில் தனி வாசல், 'பெண்களும் துணையோடு வருவோரும்' என்று பலகை போட்டு. சஸ்காட்செவனில் 1960 வாக்கில்தான் பெண்கள் சட்டப்படி பீர் பார்லருக்குள் வர முடிந்தது. பூர்வகுடி மக்களுக்கோ மதுவே சட்டவிரோதம். 1951-க்குப் பிறகு அந்தத் தடை மாகாணம் மாகாணமாக மெல்லத் தளர்ந்தது. சுவரில் பழைய ரேடியோவும் மாட்டுக்கொம்பும் தொங்கவிட்டு, அந்தக் காலம் அன்பானது என்று ஹோட்டல்கள் காட்டும்போது, இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் பார்ப்பேன்.

ஆக, கீழே இருக்கும் பீர்தான் மேலே இருக்கும் அறைகளைத் தாங்கியது. அறை காலியாகக் கிடந்தாலும் உரிமத்துக்காக வைத்திருந்தார்கள். கார் வந்தது, பயணிகள் ரயில் நின்றது, விற்பனைப் பிரதிநிதி அன்றே வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தார். ஹோட்டல் மட்டும் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக அடி. ஆல்பர்ட்டாவில் 1993-இல் மதுக்கடைகள் தனியாருக்குப் போனதும், பாட்டிலை வீட்டுக்கு வாங்கிப் போகும் 'ஆஃப் சேல்' வியாபாரத்தில் பங்குக்கு ஆள் வந்தது. 1995-இல் தானிய ரயில் கட்டணச் சலுகை போனது, எலிவேட்டர்கள் வரிசையாகச் சாய்ந்தன. 1933-இல் இந்தச் சமவெளியில் 5,758 எலிவேட்டர்கள் இருந்தன. இன்று சில நூறு மிச்சம். எலிவேட்டர் போன ஊரில் வாரம் இரண்டு முறை வந்துபோன விவசாயி மாதம் ஒரு முறை வருகிறார். அதற்கும் மேல் மதுக்கூடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது. நடுவில் 1990-களின் தொடக்கத்தில் வந்த சூதாட்ட வீடியோ இயந்திரங்கள் கொஞ்சம் மூச்சு கொடுத்தன. ஒரு மூலையில் நாலைந்து கண்ணைப் பறித்துக்கொண்டு இருக்கும், பார்த்ததும் உங்களுக்கு எரிச்சல் வரும். பல ஹோட்டல்களில் கரண்ட் பில் கட்டுவது அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வழிக்கு வருவோம்.

கால்கரியிலிருந்து வடகிழக்கே டிரம்ஹெல்லர், ஒன்றரை மணி நேரம். டைனோசர் எலும்புக்கு எல்லோரும் போகும் ஊர். நீங்கள் அதைத் தாண்டி ரோஸ்டேல் பக்கம் திரும்பி, வேய்ன் என்ற ஊருக்குப் போங்கள். ரோஸ்பட் ஆறு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் நெளிந்து நெளிந்து ஓடுவதால், சுமார் ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குள் பதினொரு பாலம் என்பதுதான் அந்தச் சாலையின் புகழ். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது சில டஜன் பேர். சாலை முடிகிற மாதிரித் தோன்றும் இடத்தில், செம்மண் மலைக்கு முன்னால் 1913-இல் கட்டிய ரோஸ்டீர் ஹோட்டல் நிற்கிறது. அதன் மதுக்கூடத்துக்குப் பெயர் லாஸ்ட் சான்ஸ் சலூன். சுவரில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளைச் சுற்றிப் படச்சட்டகம் மாட்டியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் பேய் என்று கதை. குண்டு ஓட்டையை நம்புகிறேன். பேயை, மூன்றாவது பீருக்குப் பிறகு சொல்கிறேன்.

வேய்னுக்குப் பகலில் போகாதீர்கள். கோடைப் பகலில் மோட்டார் சைக்கிள் கூட்டம், செல்ஃபி கூட்டம், சுற்றுலாத் தலம் ஆகிவிடும். ஐந்து மணிக்கு மேல் போனால் வெயில் அந்தப் பள்ளத்தாக்கின் வரி வரியான மண்ணில் சாய்ந்து விழும். கூட்டம் கலையும். பக்கத்து மேஜையில் உள்ளூர்க்காரர் இருப்பார். அறைகள் மிகக் கொஞ்சம், முன்பே போன் செய்துவிடுங்கள்.

டிரம்ஹெல்லரிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரத்தில் ரோலி. பத்துப் பேர் கூடத் தேறாத ஊர், மூன்று எலிவேட்டர், சாம்ஸ் சலூன் என்ற மதுக்கூடம். 1980-களின் கடைசியில் சினிமாப் படப்பிடிப்புக்காகத் தெருவைச் சீர் செய்தார்கள், அதிலிருந்து ஊருக்கு ரோலிவுட் என்று செல்லப்பெயர். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவில் ஊர்ச் சமூகக்கூடத்தில் பீட்சா போடுவார்கள். அந்தப் பணத்தில்தான் கட்டடங்களைப் பராமரிக்கிறார்கள். உங்கள் தேதி அதோடு பொருந்தினால் வழியை மாற்றிக்கூடப் போகலாம். பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆளில்லாத நாளில் ரோலி வெறும் படம் எடுக்கும் இடம்.

அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் பட்ரிஷியா. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள டைனோசர் மாகாணப் பூங்காவுக்கு வாசல் மாதிரி இருக்கும் ஊர். இங்கே ஹோட்டலில் உங்கள் ஸ்டேக்கை நீங்களே சுட்டுக்கொள்ள வேண்டும். பச்சை இறைச்சியைத் தட்டில் தருவார்கள், அடுப்பு பொதுவானது. சுவரெல்லாம் பண்ணைகளின் மாட்டுச் சூட்டுக்குறிகள், இரும்பைக் காய்ச்சிப் பலகையில் பொசுக்கியவை. மாட்டிறைச்சி சாப்பிடாதவராக இருந்தால் வேறு என்ன இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பக்கத்தில் சுட்டுக்கொண்டிருப்பவரிடம் யோசனை கேளுங்கள். அவர் அந்த மாட்டை வளர்த்தவராகக்கூட இருக்கலாம். கேட்டால் இடுக்கியை உங்கள் கையிலிருந்து வாங்கித் தானே திருப்பிப் போட்டுவிடுவார்.

அடுத்து சஸ்காட்செவன் எல்லை தாண்டி மேப்பிள் கிரீக். பெருஞ்சாலையிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே. இன்னும் உயிரோடு இருக்கும் மெயின் தெரு. கமர்ஷியல் ஹோட்டல் அங்கேதான். இங்கேயிருந்து சைப்ரஸ் குன்றுகளுக்கு ஏறலாம். ராக்கி மலைக்கும் லாப்ரடாருக்கும் நடுவில் இதைவிட உயரமான நிலம் இல்லை, உச்சி 1,400 மீட்டருக்கு மேல். அங்கே ஃபோர்ட் வால்ஷ் என்ற பழைய போலீஸ் கோட்டை இருக்கிறது. 1873-இல் ஓநாய் வேட்டைக்காரர்களும் சாராய வியாபாரிகளும் அந்தக் குன்றில் அசினிபோயின் பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். சாராய வியாபாரத்தை அடக்க அதே ஆண்டில் அமைந்த குதிரைப்படைப் போலீஸ், 1875-இல் இந்தக் கோட்டையைக் கட்டியது. இந்தச் சமவெளியில் மதுவின் கதை ஹோட்டலுக்கு முன்பே, ரத்தத்தில் ஆரம்பித்தது என்பதற்காகவாவது இங்கே ஒரு மதியம் செலவழியுங்கள்.

ஈஸ்ட்எண்ட், வால் மரீ இரண்டும் தெற்கே. ஈஸ்ட்எண்டில் ஸ்காட்டி என்ற டி-ரெக்ஸ் டைனோசர் எலும்புக்கூட்டை 1991-இல் கண்டுபிடித்தார்கள், அருங்காட்சியகம் இருக்கிறது. வால் மரீ, கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஓரத்து ஊர். அங்கே தங்க நான் சொல்வது ஹோட்டலை இல்லை, 1939-இல் கன்னியாஸ்திரீகளுக்காகக் கட்டிய மடத்தை. இப்போது விடுதியாக இருக்கிறது. நாலு நாள் பீர் நாற்றத்துக்குப் பிறகு பழைய பாவமன்னிப்புக் கூண்டின் பக்கத்தில் நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கும்.

மூஸ் ஜா ஊரில் நிலத்தடிச் சுரங்கப் பாதைகளைக் காட்டி, சிகாகோ தாதா அல் கபோன் இங்கே ஒளிந்திருந்தார் என்று நடித்தே காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். அவர் வந்ததற்கு ஆவணம் எதுவும் கிடையாது. சூ லைன் ரயில் இந்த ஊரை அமெரிக்க மத்திய மேற்கோடு இணைத்தது உண்மை, ரிவர் தெரு ஹோட்டல்கள் சூதுக்கும் மதுவுக்கும் பேர்போனவையாக இருந்ததும் உண்மை. மீதி டிக்கெட் விற்பனை.

உண்மையான கள்ளச்சாராயக் கதை வேண்டுமானால் ரெஜைனாவிலிருந்து தென்கிழக்கே, எஸ்டெவன் பக்கத்தில் இருக்கும் பீன்ஃபேட் போங்கள். பிரெஞ்சுப் பெயர்தான், பிரெஞ்சு உச்சரிப்பை யாரும் சட்டை செய்வதில்லை. யார்க்டன் ஊரில் பால்மோரல் ஹோட்டலை நடத்திய பிரான்ஃப்மன் குடும்பம், மதுவிலக்குக் காலத்தில் எல்லையோரக் கிடங்குகளிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பியது. சட்டத்தில் ஓட்டை இருந்தது, அதில் லாரி போனது. 1922 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு, அந்தக் குடும்பத்து மருமகன் பால் மேட்டாஃப் பீன்ஃபேட் ரயில் நிலையத்துக்குள் நின்றபோது, ஜன்னல் வழியாகத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அந்தக் குடும்பம் சீக்ராம் நிறுவனத்தை வாங்கி, உலகத்தின் பெரிய விஸ்கி முதலாளிகளாக வளர்ந்தது. கிராமத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ஊர்க் கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1931 செப்டம்பர் 29-இல் எஸ்டெவனில் போலீஸ் சுட்டு இறந்த மூன்று சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே ஒரே கல்லின் கீழே இருக்கிறார்கள். யார் கொன்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது.

இன்னொரு நாள் மிச்சமிருந்தால் ரெஜைனாவுக்கு வடக்கே போகும் பழைய கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்பாதை. ஊர்களுக்குப் பெயர் வைக்கச் சலித்துப்போய் ஆங்கில அகரவரிசையில் வைத்துக்கொண்டே போனார்கள்: ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெராஸ் என்று. பாதி ஊர்கள் இப்போது ஒரு பெயர்ப்பலகைதான். ஆனால் வாட்ரஸ் பக்கம் மனிடூ பீச்சில் 1928-இல் கட்டிய டான்ஸ்லேண்ட் இருக்கிறது. மரத்தளத்தின் அடியில் குதிரைமயிர் பரப்பியிருக்கிறார்கள். ஆட வராத என் கால்கூட அங்கே மெத்தென்று எழும்பியது.

எந்த நாளில் போவது என்பதுதான் எந்த ஊருக்குப் போவது என்பதைவிட முக்கியம். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போனால் அழுத்தமான இருட்டு, ஒரு டிவி, ஒரு கிழவர். கோழி இறக்கை இரவு, ஸ்டேக் இரவு, இறைச்சிக் குலுக்கல் நடக்கும் சனிக்கிழமை என்று ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு நாள் உண்டு. குலுக்கலில் ஒரு டாலர் சீட்டுக்குப் பன்றித் தொடையோ கட்டிக்கட்டியாக பேக்கனோ விழும், பணம் ஊர் ஹாக்கி அரங்கத்துக்குப் போகும். பல இடங்கள் ஞாயிறு, திங்கள் மூடியிருக்கும். முகநூல் பக்கத்தை நம்பாமல் போனை எடுத்துக் கேளுங்கள்.

என்ன குடிப்பது? சஸ்காட்செவனில் பில்ஸ்னர் பீர் கேளுங்கள், 'பில்' என்றால் போதும். 1901-இல் லெத்பிரிட்ஜில் தொடங்கிய மதுவாலையின் சரக்கு. பாட்டில் லேபிளில் ரயில், கூடாரம், விமானம், நடுநடுவே முயல்கள். எத்தனை முயல் என்பது நூறு வருடப் பந்தயம். நான் இதுவரை சொன்ன எந்த எண்ணிக்கையையும் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. பீரில் தக்காளிச் சாறு ஊற்றிக் குடிப்பவர்களைப் பார்த்து அதிர வேண்டாம், இங்கே அது சகஜம். சீசர் என்ற காக்டெயில் 1969-இல் கால்கரியில் பிறந்தது. அதில் இருப்பது தக்காளியும் சிப்பிச் சாறும், அதனால் சைவர்கள் கவனம். சைவத்துக்கு என்ன வழி என்றால், உக்ரைனியர்கள் கொண்டு வந்த பெரோகி. உருளைக்கிழங்கு பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே பன்றித்துண்டு தூவ வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அது இல்லாத ஊரில் சீனக் கஃபே இருக்கும். ஒரு காலத்தில் தலைவரி 500 டாலர் கட்டி நாட்டுக்குள் வந்தவர்களின் வழியில் வந்த கடைகள் அவை. அந்தக் கதைக்குத் தனிப் பதில் வேண்டும்.

வண்டி விஷயம். இரண்டு பேரில் ஒருவர் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ரத்தத்தில் ஆல்கஹால் ஆல்பர்ட்டாவில் 0.05 சதவீதம், சஸ்காட்செவனில் 0.04 சதவீதம் தாண்டினாலே முதல் முறையே வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள். ஜிபிஎஸ் குறுக்கு வழி என்று மண் சாலையைக் காட்டும். மழை பெய்திருந்தால் போகாதீர்கள், அந்தக் களிமண் டயரில் ஏறினால் சக்கரம் சுற்றாது. அந்தி நேரத்தில் மான். பெட்ரோல் பாதி குறைந்ததும் நிரப்பிவிடுங்கள். சஸ்காட்செவனில் கோடைக்கு மணி மாற்றுவதில்லை. கோடையில் ஆல்பர்ட்டாவோடு ஒரே நேரம்தான்.

தங்குவதைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். தெற்கு சஸ்காட்செவனில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். மூன்று மாடி ஹோட்டல், வெளியே மரத்தின் மேல் ஸ்டக்கோ என்ற காரை பூசி, கீழ் ஜன்னல்களைக் கையகலமாக்கி வைத்திருந்தார்கள். நடத்துவது ஒரு கொரியக் குடும்பம். இந்தப் பக்கத்தில் கொரியர்கள், சீனர்கள் என்று குடியேறி வந்தவர்கள் நடத்தும் ஹோட்டல்கள் நிறைய. கல்லாவில் இருந்த அம்மா, இரவு ஒன்பது மணிக்கு எங்களைத் தவிர யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, வெளிக்கதவுச் சாவியையும் சேர்த்து என்னிடம் கொடுத்தார். "நாளைக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு எதிர்த் தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாடிக் கட்டடத்தில் நானும் என் நண்பரும் மட்டும். அறையில் இரும்புக் கட்டில், மூலையில் ஒரு சின்னக் கைகழுவும் தொட்டி, குளியலறை வராந்தாக் கோடியில். படிக்கட்டின் நடுவில் லினோலியம் விரிப்பு தேய்ந்து அதற்குக் கீழே இன்னொரு லினோலியம், அதுவும் தேய்ந்து பலகை தெரிந்தது. சுடுதண்ணீர் வரவே இல்லை. வெந்நீர்க் குழாய் மட்டும் இரவெல்லாம் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் போட்டது. தூங்கினோம் என்று சொல்ல மாட்டேன்.

காலை எட்டரை மணிக்குக் கீழே பேச்சுக்குரல். இறங்கிப் போனால் விவசாயிகள் ஆறு பேர். முந்தைய இரவு சூதாட்ட இயந்திரம் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்த அதே கூடம் இப்போது காபிக்கடை. கோப்பைகள் சுவர் ஆணியில் தொங்கின, ஒவ்வொன்றும் ஒருவருடையது. அவர்களே எழுந்துபோய் ஊற்றிக்கொண்டார்கள், மற்றவருக்கும் ஊற்றினார்கள். இதற்குக் 'காபி ரோ' என்று பெயர், காலையில் நடக்கும் ஊர்ப் பஞ்சாயத்து. கனோலா என்ற எண்ணெய் வித்தின் விலை, யார் வீட்டு டிராக்டர், மழை. எங்களுக்கும் இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஒருவர் வெந்நீர் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றதும் மேஜையே சிரித்தது. 1988-இலிருந்தே வருவதில்லையாம்.

எழுந்திருக்கும் நேரம் வந்ததும் தோல் கிண்ணத்தில் பகடைகளைப் போட்டுக் குலுக்கி, ஒவ்வொருவராக உருட்டினார்கள். கடைசியில் மாட்டுகிறவர் எல்லோருடைய காபிக்கும் காசு கொடுக்க வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். விருந்தாளி என்று என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கிண்ணம் என் கைக்கும் வந்தது. எட்டுக் காபி, 16 டாலர். கொடுத்துவிட்டு வெளிக்கதவுச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.